விற்ற சான் ஸ்டார்மைத் திரும்பப் பிடித்த கதை

கோவாவில் தயாரான சின்ன ரெண்டு சீட்டர் கார் சான் ஸ்டார்ம், 1998-ல் அறிமுகமானது. பைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி இன்ஜின். என்னிடம் இருந்ததை வீடு கட்டும்போது கோயம்புத்தூரில் விற்றுவிட்டேன். மனசு மட்டும் விடவில்லை.

வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் பழைய நம்பரைப் போட்டேன். ஓனர் பெயரில் பாதி எழுத்து நட்சத்திரக் குறிதான், அதை நம்பிப் பிரயோஜனமில்லை. ஆனால் வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, வாங்கியிருப்பது தெரிந்தது. வேறு மாநிலம் போனால் பதிவு நம்பர் மாறும், வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் நம்பர் மாறாது. பழைய ஆர்சி ஜெராக்ஸை எடுத்து வைத்துக்கொண்டேன்.

உண்மையில் வண்டியைக் காட்டிக் கொடுத்தது உதிரிபாகம்தான். இந்த இன்ஜினுக்குச் சாமான் எளிதில் கிடைக்காது. வைத்திருப்பவர் யாரானாலும் ஒரு சில மெக்கானிக்குகளைத் தேடித்தான் போயாக வேண்டும். அவர்களுக்குத்தான் போன் போட்டேன். பெங்களூரு மெக்கானிக் ஒருவர், "சார், இடது கதவுக்குக் கீழே பைபர் ஒட்டுப் போட்ட வண்டியா?" என்றார். அந்த ஒட்டு நான் போட்டது!

ஓனரிடம் என் போன் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன், அவரே கூப்பிட்டார். நேரில் போய் சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஜெராக்ஸோடு ஒப்பிட்டேன். அச்சு அசல். விலையை இங்கே சொல்லமாட்டேன், வீட்டிலும் படிப்பார்கள்.

அவர் என்ஓசிக்கான விண்ணப்பமான பார்ம் 28 கொடுத்து, அதை வாங்கித் தந்தார். இங்கே தமிழ்நாட்டில் ரோடு டாக்ஸ் மறுபடி தனி.