பிளாஸ்டிக் அள்ளும் ரோபோக் கூட்டம்: வடிவமைக்கும்போதே நுழையும் தவறுகள்

கடல் பிளாஸ்டிக்கை ரோபோக் கூட்டத்தால் அள்ளும் யோசனை பொறியியல் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. யோசனை நல்லதுதான். ஆனால் வரைந்து காட்டும் படத்தில், ஒரே மாதிரி ஐம்பது ரோபோக்கள் வைஃபையில் பேசிக்கொண்டே தண்ணீருக்கடியில் நீந்தும். சிக்கல் அங்கேயே ஆரம்பம்.

உப்புத் தண்ணீருக்குள் வைஃபை அலை ஒரு மீட்டர்கூடப் போகாது. ஜிபிஎஸ்ஸும் மேற்பரப்போடு சரி. தூரத்துக்குப் பேச ஒலிதான் வழி. அது நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அப்படியும் 1 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோபோவிடம் கேட்டுப் பதில் வாங்க ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அனுப்ப முடிகிற தகவலும் சொற்பம். நேரடி வீடியோவை மறந்துவிடலாம். துறைமுகச் சுவர்களில் பட்டு எதிரொலி வேறு வரும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021-இல் காட்டிய மீன் வடிவ ரோபோக்கள் ஒன்றுக்கொன்று பேசவே இல்லை. பக்கத்தில் இருப்பவற்றின் நீல விளக்குகளைக் கேமராவால் பார்த்தே கூட்டமாக நகர்ந்தன. அதுவும் தெளிந்த தொட்டித் தண்ணீரில்.

எல்லா ரோபோவும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பதும் தேவையில்லாத பிடிவாதம். ஐரோப்பாவில் 2020-இல் தொடங்கிய சீக்ளியர் திட்டம் வேலையைப் பிரித்துக் கொடுத்தது. மேலே ஆளில்லாப் படகு, வானில் ட்ரோன், கடலடியில் குப்பையைத் தேட ஒரு சின்ன ரோபோ, எடுக்க இன்னொரு ரோபோ. நீருக்கடி ரோபோக்களைப் படகோடு கேபிளால் இணைத்துவிட்டார்கள். பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது, ஆனால் மின்சாரம், தகவல் இரண்டும் தடையின்றிப் போகும். குரோஷியாவில் டுப்ரோவ்னிக்கின் தெளிந்த கடல், ஜெர்மனியில் ஹாம்பர்க்கின் கலங்கிய துறைமுகம் இரண்டிலும் சோதித்ததுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். நீச்சல்குளப் படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கேமராவுக்குப் பாசி படிந்த பாட்டில் கல்லாகத் தெரியும்.

அடுத்தது இடத் தேர்வு. பசிபிக் கடலில் பிளாஸ்டிக் சேர்ந்து மிதக்கும் பகுதிக்குப் பசிபிக் குப்பைத் திட்டு என்று பெயர். அதைக் கேட்டதும் மிதக்கும் தீவை நினைத்துக்கொள்கிறோம். 2018-இல் வந்த ஆய்வின்படி அங்கே 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் சுமார் 79,000 டன் பிளாஸ்டிக். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 கிலோதான்! பேட்டரி ரோபோ வெறும் தண்ணீரைச் சுற்றியே சார்ஜைத் தீர்த்துவிடும். எடையில் கிட்டத்தட்ட பாதி மீன்பிடி வலைகள். சின்ன ரோபோவின் ப்ரொப்பல்லரில் சுற்றினால் கதை முடிந்தது. எண்ணிக்கையில் 94 சதவீதம் நுண்பிளாஸ்டிக் (5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகள்), எடையில் அது 8 சதவீதமே. அதைப் பிடிக்க வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் மீன் முட்டைகளும் சேர்ந்து வரும். ஆற்று முகத்துவாரம், துறைமுகம் மாதிரி குப்பை குவியும் இடங்களே கூட்டத்துக்கு ஏற்றவை. அங்கேயும், நிரம்பிய கூடையை யார் எங்கே கொட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

அப்புறம், ரோபோவே குப்பையாகிவிடலாம். கடல் பிளாஸ்டிக்கைச் சேகரிக்கத் தி ஓஷன் கிளீனப் அமைப்பு 2018-இல் இறக்கிய 600 மீட்டர் நீள மிதவையில் 18 மீட்டர் துண்டு அந்த ஆண்டு முடிவதற்குள் கழன்றுவிட்டது. அது ரோபோக் கூட்டம் அல்ல, ஒற்றை அமைப்பு; கண்ணில் படும் அளவுக்குப் பெரியது என்பதால் கரைக்கு இழுத்து வர முடிந்தது. ஐம்பது சின்ன ரோபோக்களில் இரண்டு காணாமல் போனால் தேடுவது கஷ்டம். சார்ஜ் தீர்ந்தால் தானாக மேலே மிதந்து வரும் ஏற்பாடும், இருக்கும் இடத்தைச் சொல்லும் தனி பேட்டரிக் கருவியும் ஒவ்வொரு ரோபோவிலும் வேண்டும். பட்ஜெட் இடித்தால் ரோபோ எண்ணிக்கையைக் குறையுங்கள், இவற்றில் கை வைக்காதீர்கள்.