அஞ்சல் பெட்டியைக் கோப்புறையாகக் காட்டும் இடைமுகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஞ்சல் மென்பொருளுக்காக, மடல்களைச் சாதாரணக் கோப்புகள் போலக் காட்டும் மெய்நிகர் கோப்பு முறைமையைப் பலர் சேர்ந்து எழுதும்போது, செயற்கூறுகளின் பெயர்களை முடிவு செய்துவிட்டு, அவற்றின் பொருளை எழுதிவைக்காமல் விடுவதே பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர். திற, படி, எழுது, அழி என்பவை எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் என்பதால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆனால் சேவையகத்திலுள்ள மடல்களைக் கையாளும் ஐமேப் நெறிமுறையில் சேமித்த மடலைத் திருத்த முடியாது. புதியதைச் சேர்த்துப் பழையதை நீக்க வேண்டும், அப்போது அடையாள எண்ணும் மாறிவிடும். நீக்குவதும் குறியிடுதல், துடைத்தல் என இரண்டு படிகளில் நடப்பது. ஒவ்வொரு மடலையும் தனிக் கோப்பாகக் கணினியில் வைக்கும் மெயில்டிர் முறைக்கான பகுதியை எழுதுபவர் கோப்பை உடனே அழிக்க, ஐமேப் பகுதியை எழுதுபவர் குறியோடு நிறுத்திக்கொண்டால், ஒரே கட்டளை இரு இடங்களில் இரு விதமாக நடக்கும்.

இதைவிட நயமான தவறு, படிப்பதால் எதுவும் மாறாது என்று நம்புவது. ஐமேப்பில் மடலின் உடலைச் சாதாரணமாகக் கேட்டாலே அது 'படிக்கப்பட்டது' என்று குறிக்கப்பட்டுவிடும். குறி மாறாமல் எடுக்க 'பாடி பீக்' என்ற தனி வடிவம் உண்டு. அதைப் பயன்படுத்தாவிட்டால், கணினியின் தேடல் நிரல் கோப்புறைகளை ஒருமுறை துழாவியதும் பயனர் பார்க்காத மடல்கள் எல்லாம் பார்த்தவையாகிவிடும். எந்த வடிவில் உடலைக் கேட்டாலும் மடல்கள் முழுவதும் பதிவிறங்கியும் விடும். பட்டியலிடும்போது தலைப்புப் பகுதியை மட்டும் எடுப்பது என்பதை இடைமுக ஆவணத்திலேயே நிபந்தனையாக்குவது நல்லது.

மடலின் பொருள்வரியைக் கோப்புப் பெயராக்குவது பார்க்க அழகு, நடைமுறையில் தொல்லை. அதில் சாய்கோடு வரலாம், இரு மடல்களுக்கு ஒரே பொருள்வரி இருக்கலாம். லினக்ஸில் பெயரின் வழக்கமான உச்சவரம்பு 255 பைட்டுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால் 85 குறியீடுகளிலேயே இடம் தீர்ந்துவிடும். சேவையகம் ஒவ்வொரு மடலுக்கும் தரும் யுஐடி என்ற அடையாள எண்ணே கோப்புப் பெயருக்குப் பொருத்தமானது, அதுவும் அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யுஐடிவேலிடிட்டி மதிப்போடு சேர்த்து வைத்தால்தான். அம்மதிப்பு மாறினால் பழைய எண்கள் செல்லாது.

மடலோடு வரும் இணைப்புக் கோப்புகளின் அளவு இன்னொரு கண்ணி: அவற்றை எழுத்துகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64 வடிவிலான அளவு உண்மையான கோப்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பதால், அதையே கோப்பின் அளவாக அறிவித்தால் நகலெடுக்கும் நிரல்கள் குழம்பும்.

சோதனைக்கான மெயில்டிர் மாதிரியை அப்படியே, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். கோப்புப் பெயர்களில் வரும் முக்காற்புள்ளியை (:) விண்டோஸ் ஏற்காது. காலியான கோப்புறைகளைக் கிட் பதிவதில்லை. மாதிரியை உருவாக்கித் தரும் சிறு நிரலைக் களஞ்சியத்தில் வைத்தால், எல்லோருடைய கணினியிலும் ஒரே சோதனை ஓடும்.