துப்பாக்கியோடு கனடா–அமெரிக்க எல்லை: ஸ்போர்ட்டிங் கிளேஸ் போட்டிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒன்டாரியோவிலிருந்து மிச்சிகனுக்கோ நியூயார்க் மாநிலத்துக்கோ ஒரு வாரக்கடைசி ஸ்போர்ட்டிங் கிளேஸ் போட்டிக்குப் போவது, தூரத்தைப் பார்த்தால் பக்கத்து ஊருக்குப் போவது மாதிரிதான். காட்டுக்குள் நிலைக்கு நிலை நடந்து பறக்கவிடும் 100 களிமண் தட்டுகளைச் சுட்டுவிட்டு ஞாயிறு இரவே வீடு திரும்பிவிடலாம். ஆனால் பின்பெட்டியில் ஷாட்கன் இருந்தால், துப்பாக்கி வீட்டை விட்டு வெளியேறுவது, அடுத்த நாட்டில் நுழைவது, அங்கிருந்து கிளம்புவது, சொந்த நாட்டுக்குள் மறுபடி வருவது என்று நான்கு கட்டம் உண்டு. பெரும்பாலானவர்கள் இரண்டாவதற்கு மட்டும் தயாராகிறார்கள்.

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு

முதல் தவறு, அனுமதியை எல்லையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியுரிமையோ இல்லாதவர் தற்காலிகமாகத் துப்பாக்கி கொண்டுவர துப்பாக்கிகளைக் கவனிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சித் துறையான ஏடிஎஃபின் 6 என்ஐஏ படிவத்தில் முன்கூட்டியே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். சாவடியில் இதைக் கொடுக்க மாட்டார்கள். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது அனுப்பிவிடுங்கள். போட்டிக் காலம் தொடங்குகிற வசந்தத்தில் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

படிவத்தோடு, விளையாட்டுக்காகத்தான் வருகிறீர்கள் என்பதற்கான ஆதாரம் போக வேண்டும். போட்டி நடத்தும் அமைப்பின் அழைப்புக் கடிதமோ பதிவுச் சான்றோ போதும். ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலத்தின் காலாவதியாகாத வேட்டை உரிமமும் செல்லும். ஆண்டுக்கு நாலைந்து போட்டிக்குப் போகிறவருக்கு இரண்டாவதுதான் வசதி. அது ஒரே ஒரு போட்டியின் தேதியோடு கட்டுப்பட்டதல்ல. கனடாவில் நிரந்தரக் குடியுரிமை பெற்று, இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டில் விசாவோடு போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விசாவில் வருகிறவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம், விளையாட்டு நோக்கம் போன்ற விலக்குகளுக்குள் வந்தால்தான் அனுமதி. அந்த ஆதாரத்தின் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும்.

வரிசை எண்ணில் நடக்கும் பிழை எல்லாவற்றிலும் எரிச்சலானது. பூஜ்யத்துக்குப் பதில் ஓ, ஒன்றுக்குப் பதில் ஐ, முன்னால் வரும் எழுத்தை விட்டுவிடுவது என ஒரே ஒரு எழுத்து மாறினாலும் தாளில் இருப்பது உங்கள் துப்பாக்கி அல்ல. பழைய ரசீதைப் பார்த்து நிரப்பாதீர்கள். துப்பாக்கியை எடுத்து ரிசீவரில் (குழல் பொருந்தும் நடு உடற்பகுதியில்) பொறித்திருப்பதைப் படித்து எழுதி, கைபேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் குழலிலும் முன்கட்டையிலும்கூட எண் இருக்கலாம். படிவத்துக்கு வேண்டியது ரிசீவரில் உள்ளது. அனுமதி அதில் எழுதிய துப்பாக்கிக்கு மட்டும்தான். கடைசி வாரத்தில் பெரெட்டாவை விற்றுவிட்டுப் பெராஸ்ஸி வாங்கினால் விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து. மாற்றுத் துப்பாக்கி ஒன்று எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அதையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது அது உங்கள் துப்பாக்கி, அமெரிக்காவில் புதிதாக வாங்கியதல்ல என்று எப்படிக் காட்டுவீர்கள்? நீள்துப்பாக்கிப் பதிவேட்டை கனடா 2012-இல் ஒழித்துவிட்டதால் சாதாரண வகை ஷாட்கனுக்குப் பதிவுச் சான்று என்று எதுவும் கிடையாது. அதனால் கிளம்பும்போதே கனடிய சுங்க அலுவலகத்தில் நிறுத்தி, பிஎஸ்எஃப்407 என்ற சிறு அட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒய்38 என்ற பழைய பெயரில்தான் பலருக்கு இது தெரியும். அதிகாரி துப்பாக்கியின் எண்ணைப் பார்த்து எழுதித் தருவார். வெளியேறும் பாதையில் யாரும் உங்களை நிறுத்திக் கேட்கப்போவதில்லை. நீங்களாக வண்டியைத் திருப்பிப் போனால்தான் உண்டு.

கஞ்சா பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி சரி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்க அங்கே தடை. பையில் மறந்துபோன ஒரு கஞ்சா மிட்டாய், அனுமதி, போட்டி இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு

இந்தப் பக்கம் முன் அனுமதி வேண்டாம். கனடாவின் கூட்டாட்சிக் காவல்துறையான ஆர்சிஎம்பியின் 5589 படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்ச் சாவடியில் கட்டணம் கட்டினால் போதும். எத்தனை துப்பாக்கி என்றாலும் ஒரே கட்டணம். மூன்றுக்கு மேல் இருந்தால் கூடுதல் தாளாக 5590. அடிக்கடி நடக்கும் தவறு, வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவது. கையெழுத்து அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். உறுதிசெய்யப்பட்ட படிவம் 60 நாளுக்குத் தற்காலிக உரிமமாகவே செல்லும். கனடாவில் தோட்டா வாங்கவும் அதுதான் வேண்டும். எல்லை தாண்டியதும் எங்காவது செருகிவிடாதீர்கள்.

போட்டியாளருக்குத் தோட்டாவில் ஒரு சலுகை உண்டு. வேட்டைக்கு வருகிறவர் வரியில்லாமல் 200 தோட்டா கொண்டுவரலாம். அங்கீகரிக்கப்பட்ட கனடியச் சுடுதல் சங்கத்தின் கீழ் நடக்கும் போட்டிக்கு என்றால் 1,500. அதை நிரூபிக்கும் கடிதம் கையில் இல்லாவிட்டால் நீங்களும் வேட்டைக்காரர்தான்.

வண்டியின் முன்பெட்டியில் கைத்துப்பாக்கி, சாவிக்கொத்தில் மிளகுத் தெளிப்பான்: இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மனிதர்மீது அடிக்கும் தெளிப்பான் கனடாவில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கான பழைய தண்டனை இருந்தால் அதையும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். 2018 டிசம்பர் 18 முதல் கனடா அதைக் கடுமையான குற்றமாகக் கருதுகிறது. துப்பாக்கிப் படிவம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆளை உள்ளே விடாமல் போகலாம்.

அமெரிக்கர் திரும்பி வரும்போது காட்ட வேண்டியது அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையான சிபிபியின் 4457 படிவம். புறப்படும் முன் துப்பாக்கியை நேரில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். வெறும் எண்ணைக் கொண்டுபோய்க் கேட்டால் தர மாட்டார்கள்.

விமானத்தில் போனால்

பூட்டிய கெட்டிப் பெட்டி, தோட்டா ஏற்றாத துப்பாக்கி, கவுன்ட்டரில் அறிவித்தல் எல்லாரும் அறிந்ததே. கணக்குத் தவறுவது தோட்டாவில்தான். ஒருவருக்குப் பொதியோடு 5 கிலோ என்பது வழக்கமான உச்சவரம்பு. 28 கிராம் ஈயமுள்ள 12 கேஜ் (குழல் அளவு) தோட்டா 25 கொண்ட பெட்டி ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஆக நான்கு பெட்டி, 100 தோட்டா. பயிற்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கேயே வாங்க முன்கூட்டிச் சொல்லிவைப்பதுதான் வழி. வாங்கும்போது போட்டி விதியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்போர்ட்டிங் கிளேஸ் சங்கமான என்எஸ்சிஏ நடத்தும் போட்டியில் 12 கேஜுக்கு ஒன்றேயரைக்கால் அவுன்ஸ், அதாவது சுமார் 32 கிராம் ஈயம் வரை சுடலாம். சர்வதேச அமைப்பான ஃபிட்டாஸ்கின் விதியில் 28 கிராம்தான்.

சாவடியில் முதல் கேள்விக்கே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னால் மட்டும் திறக்க வேண்டும். மேற்சட்டைப் பை, இடுப்புப் பை, இருக்கைக்கு அடியில் உருண்டுபோன ஒற்றைத் தோட்டா எல்லாவற்றையும் கிளம்பும் முன்னே கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

போட்டி முடிந்து மிஞ்சும் தோட்டாவில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி மிச்சத்தைக் கனடாவுக்கு ஏற்றி வருகிறார்கள். தற்காலிகமாக வந்த வெளிநாட்டவர் தன் அனுமதியில் கொண்டுவந்ததை மட்டுமே உரிமமின்றித் திரும்ப எடுத்துப்போகலாம். அங்கே வாங்கியது அந்த விலக்கில் வராது. மிச்சப் பெட்டிகளை அதே அணியில் சுடும் உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.