கோடையில் காரெடுத்துக் கிளம்பும் இரு நண்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைசூருக்குப் போகும் வழியில், திம்பம் மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணாரி சோதனைச் சாவடிக்கு நானும் என் நண்பரும் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பதேகால். மாலையிலேயே நிறுத்தப்பட்டுவிட்ட சரக்கு லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்றிருந்தன; இரண்டு ஓட்டுநர்கள் லாரியின் நிழல் விழுந்த இடத்தில் அடுப்பைப் பற்றவைத்து ரசம் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. ஈரோட்டில் வேலை முடிந்து ஆறரைக்குக் கிளம்பியவர்கள், கோபியில் புரோட்டாவுக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததன் பலன் அது. சத்தியமங்கலத்துக்குத் திரும்பி 1,200 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தோம். அன்றிரவுக்கென்று மைசூரில் முன்பணம் கட்டியிருந்த அறையின் வாடகையும் திரும்பி வரவில்லை. பயணத்தின் முதல் இரவிலேயே ஒரு தூக்கத்துக்கு இரண்டு வாடகை கொடுத்தவர்கள் நாங்கள்.

குறைந்த செலவில் சாலைப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு இதுதான்: கிலோமீட்டரைக் கணக்கிடுகிறார்கள், கதவு சாத்தும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை. கொங்கு நாட்டிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் செல்லும் வழிகளில் பல காட்டுக்குள் போகின்றன. காட்டுச் சாலைக்கு நேரம் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறையில் இருக்கிறது. கனரகச் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தும், கார்களுக்கு இரவு 9 மணியிலிருந்தும், காலை 6 மணி வரை அனுமதி இல்லை. அதைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால், குண்டல்பேட்டையிலிருந்து கூடலூருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் பிரியும் பந்திப்பூர்ச் சாலைகள் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுகின்றன. செயலியில் காட்டும் பயண நேரத்தை வைத்துக்கொண்டு இந்தக் கதவுகளை நெருங்கக் கூடாது. திம்பத்தில் நீளமான லாரி ஒன்று வளைவில் சிக்கினால், அது முன்னும் பின்னும் போய்த் திரும்பி முடிக்கும்வரை இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். மாலை ஆறு மணிக்குள் மலையடிவாரம் போய்ச் சேரும்படி நாளை அமைத்துக்கொள்வதே சரி. அது முடியாவிட்டால், அன்று வீட்டிலேயே படுத்துறங்கி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவது மேல்.

நீலகிரிக்குப் போகிறவர்கள் இ-பாஸை மறந்துவிட்டு மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று கைப்பேசியைத் தடவுவதும் இதே வகைதான். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பும் விதித்தது. பாஸ் எடுக்கக் கட்டணம் இல்லை; தேதியை முன்கூட்டி முடிவு செய்யாதவர்களுக்குத்தான் அதில் நட்டம். கோடை விழாக் காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம் என்பதால், கோத்தகிரியில் மலிவாக அறை போட்டிருப்பவர்கள் ஊட்டியைச் சுற்றிப் போக வேண்டிய தூரத்தையும் சேர்த்தே பெட்ரோல் கணக்குப் போட வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். இரண்டு நண்பர்களுக்குள் பணத்தைப் பற்றிப் பேசுவது நம் பக்கத்தில் கொஞ்சம் கூச்சமான காரியம். கல்லாவில் பில் வந்ததும் இருவரும் பர்ஸை எடுத்து, "அட உடு மாப்ள, நான் குடுத்தர்றேன்" என்று ஒருவரையொருவர் தள்ளுவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள், தான் கொடுத்த பில்லெல்லாம் சாப்பாட்டு பில்லாகவும் மற்றவர் கொடுத்ததெல்லாம் டீ பில்லாகவும் இருந்திருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்ற ஆரம்பிக்கும். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அந்த மௌனத்தோடு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆகவே, கிளம்பும் முன் ஒரு பொதுப் பை வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே தொகையை அதில் போட வேண்டும்; பெட்ரோல், சுங்கம், அறை, வேளைச் சாப்பாடு, வண்டி நிறுத்தும் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். இடையில் ஒருவர் மட்டும் குடிக்கும் காபியும், வீட்டுக்கு வாங்கும் வர்க்கியும் தைலமும் அவரவர் கையிலிருந்து. நாங்கள் இரண்டாவது முறை கிளம்பியபோது செய்தது மிக எளிது: சட்டை வாங்கிய பெட்டியின் அட்டையைக் கிழித்து, ஓட்டுநர் பக்கத்து வெயில் மறைப்பானில் செருகி, ஒரு பேனாவையும் ரப்பர் பட்டையால் அதோடு கட்டிவிட்டோம். ஓட்டாதவர் எழுத வேண்டும் என்பது விதி. நண்பரின் கையெழுத்தில் "தாளவாடி, டீ 2, வடை 2, 44" என்று தொடங்கும் அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

பேசாமல் விடப்படும் இன்னொரு விஷயம், வண்டி யாருடையது என்பது. கார் ஒருவருடையதாக இருக்கும்போது, ஆயிரம் கிலோமீட்டர் தேய்மானம் அவர் தலையில்தான் விழுகிறது. வழியில் ஆணி ஏறினால் பஞ்சர் கூலி பொதுச் செலவு. நாலு வருடமாக ஓடித் தேய்ந்த டயர் வெடித்தால் அது உரிமையாளரின் செலவு. கிளம்பும் முன் ஆயில் மாற்றுவதில் பாதி நண்பருடையது என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். வேறு விதமாகவும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும், வண்டி நல்ல நிலையில் வீட்டு வாசலில் நிற்கும்போதே அதைப் பேசிவிட வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிய பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

பெட்ரோல் கணக்கில் நேரும் தவறு, விற்பனையாளர் சொன்ன மைலேஜை நம்புவது. ஈரோட்டிலிருந்து மைசூர், குடகு, வயநாடு, பாலக்காடு வழியாக ஊர் திரும்பும் சுற்று ஏறத்தாழ 800 கிலோமீட்டர். அங்கங்கே சுற்றுவதையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொடும். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று போட்டால் 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 5,000 ரூபாய். ஏசி போட்டுக்கொண்டு, பாதித் தூரம் மலையேறும் பழைய காரில் 14 கிடைத்தாலே பெரிது. அப்போது 71 லிட்டர், 7,100 ரூபாய். அந்த 2,100 ரூபாய் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு இரவு அறை வாடகை. கேரளத்தில் பெட்ரோல் விலை நம்மூரை விடக் கூடுதல் என்பதால், கோவையிலிருந்து மேற்கே போகிறவர்கள் வாளையாறு தாண்டுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது. திரும்பி வருகிறவர்கள் வீடு வந்து சேரும் அளவுக்கு மட்டும் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

சுங்கச் சாவடியில் பாஸ்டேக்கில் இருப்பு இல்லாமல் போவது சுத்தமான வீண் செலவு. 2025 நவம்பர் 15 முதல், செல்லுபடியாகும் பாஸ்டேக் இல்லாத வண்டிக்கு யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கும், ரொக்கமாகக் கட்டினால் இரு மடங்கும் என்று விதி வந்தது. 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான, 200 முறை கடக்கும் ஆண்டு பாஸை ஒரே ஒரு பயணத்துக்காக வாங்குவதில் பொருளில்லை. விஜயமங்கலம், கணியூர் சுங்கச் சாவடிகளை வாரந்தோறும் கடக்கிறவருக்கு அது வேறு கணக்கு. இருசக்கர வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது. ஆனாலும் மே மாத வெயிலில் பைக்கில் போகலாமா என்று என்னைக் கேட்டால், இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு பதிலும் என் வயதுக்காரருக்கு வேறு பதிலும் சொல்வேன்.

சொந்தக் கார் இல்லாதவர்கள், தெரிந்தவர் மூலம் வெள்ளைப் பலகைக் காரை நாள் வாடகைக்கு எடுப்பது பரவலாக நடக்கிறது. முறையான வாடகை வண்டியை விட மலிவு என்பது உண்மைதான். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். தாங்களே ஓட்டிச் செல்ல முறையாக வாடகைக்கு விடப்படும் காரின் எண் பலகை கறுப்பு நிறத்தில், எழுத்துகள் மஞ்சளில் இருக்கும். அதைப் பார்த்து எடுப்பதற்குக் கூடுதலாகச் செலவாகும் தொகையைச் செலவென்றே கருதக் கூடாது.

கோடை என்பதால் வெயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயிலில், கரூர் பரமத்தியும் ஈரோடும் தமிழ்நாட்டிலேயே வெப்பம் மிகுந்த இடங்களின் பட்டியலில் அடிக்கடி வருபவை. அந்தச் சமவெளியைப் பகல் பன்னிரண்டுக்கு மேல் கடக்கும்படி திட்டமிட்டால், ஏசிக்குப் பெட்ரோல், வழியெல்லாம் குளிர்பானம், பிறகு தலைவலி மாத்திரை என்று செலவு பெருகும். விடியற்காலை ஐந்து முதல் பதினொன்று வரை ஓட்டி, பிறகு நாலு மணி வரை எங்காவது புளியமரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக்கொண்டு, இருட்டும் வரை மீண்டும் ஓட்டுவது பழைய பாரவண்டிக்காரர்கள் முறை. அதை விஞ்சிய முறை இன்னும் வரவில்லை. அதேபோல, மலிவாகக் கிடைக்கிறதென்று சமவெளி நகரத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாத அறையை எடுப்பதும் தவறு. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு இரண்டு மணி வரை அனலைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். தூங்காத இருவர் மறுநாள் மலைப்பாதையில் ஓட்டுவார்கள். இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத் தரைத்தள அறை கேட்கலாம்; முடிந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று படும் பொள்ளாச்சிப் பக்கமாக இரவுத் தங்கலைத் தள்ளி வைக்கலாம்.

டயர் காற்றையும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு காற்றுக் குறைந்த டயரோடு ஓடுவோம். அது மைலேஜையும் தின்னும், டயரையும் தின்னும்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று பட்டினி கிடக்க வேண்டியதில்லை. முதல் நாளுக்குக் கட்டுச்சோறு போதும். புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும். தயிர்ச்சோறு என்றால், குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிரை மட்டும் கலந்து கட்டினால், மதியம் பிரிக்கும்போது அளவாகப் புளித்திருக்கும். வீட்டிலேயே முழுதும் தயிர் ஊற்றிக் கட்டியது மே மாதக் காரில் பத்து மணிக்கே பொங்கிவிடும். தண்ணீருக்கு எவர்சில்வர் குடுவை எடுத்துச் செல்ல வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், வழியில் வாங்கிய பாட்டிலைச் சாவடியிலேயே பறிகொடுக்க நேரும்.

மழைக்காலத்தில் எடுத்த படங்களைப் பார்த்துக் கோடையில் அருவி தேடிப் போவதும் தவறு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மே மாதத்தில் ஆகாய கங்கையைப் பார்த்தபோது பாறையில் கயிறு போல ஒரு நீர்க்கோடு வழிந்துகொண்டிருந்தது. இறங்கியதற்கு வருத்தமில்லை, திரும்ப ஏற வேண்டியிருந்ததுதான் வருத்தம். அதற்கு நேர்மாறாக, பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில் வயநாட்டுக்கும் குடகுக்கும் போகிறவர்கள், ஜூன் தொடக்கத்தை ஒட்டி இறங்கும் தென்மேற்குப் பருவமழையை எதிர்பார்த்தே ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

மலையிறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். மிச்சமாவது சொற்பம், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் போவது உயிர். இரண்டாவது கியரில், எஞ்சின் இழுத்துப் பிடிக்க இறங்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும்.

பொதுப் பையில் நாலில் ஒரு பங்கைத் தனி உறையில் போட்டு ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம்; வண்டி பழுதானாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அன்றி அதைப் பிரிப்பதில்லை. கணக்கையும் "ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று விடுவதில்லை. சென்ற முறை பாலக்காட்டில் கடைசி இரவு, கட்டிலில் அட்டையை விரித்து வைத்துக் கூட்டினோம். நண்பர் எனக்கு 340 ரூபாய் தர வேண்டியிருந்தது. ஜிபேயில் அனுப்பி, வந்துவிட்டதா என்று என் கைப்பேசியை வாங்கிப் பார்த்த பிறகுதான் விளக்கை அணைத்தார்.