மூன்றாம் கியரும் ரிவர்ஸும் சேர்ந்து வழுக்கியபோது

டொராண்டோவில் நான் ஓட்டும் 1972 செவர்லே நோவா, மூன்றாம் கியருக்கு மாறியதும் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி வேகம் எடுக்காது. ரிவர்ஸும் அப்படியே. அதிலிருப்பது டர்போ 350 என்ற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. இந்த இரண்டு கியருக்கும் பொதுவானது டைரக்ட் கிளட்ச், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச். முதல் இரண்டு கியர்கள் நன்றாக இழுத்ததால் சந்தேகம் நேராக அங்கேதான் போனது.

கியர் பெட்டியை இறக்க ஜாக் வாடகைக்கு எடுத்தேன். 50 கிலோவுக்கு மேல் கனம். கையால் தாங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

அந்தக் கிளட்சின் டிரம்மைப் பிரித்தால் தட்டுகள் கருகிக் கிடந்தன. தட்டுகளை அழுத்தும் பிஸ்டனின் ரப்பர் சீல் நகத்தால் கிள்ளியதும் ஒடிந்தது. எண்ணெய் அழுத்தம் அங்கே கசிந்துதான் தட்டுகள் வழுக்கியிருக்கின்றன. தட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் அதே கதைதான். எல்லா சீலையும் மாற்றி, புதுத் தட்டுகளை ஒரு மணி நேரம் கியர் பெட்டியின் எண்ணெயிலேயே ஊற வைத்தேன். எண்ணெயை அந்தந்த கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் சின்ன எஃகு குண்டுகள் உருண்டு விழாமல் இருக்க வாசலின் தடவி ஒட்டினேன். பொருத்தியபின் கம்ப்ரசர் காற்றை விட்டதும் பிஸ்டன் 'டப்' என்று அடித்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்புறம் டார்க் கன்வெர்ட்டர், இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம். அது கியர் பெட்டியின் எண்ணெய் பம்புக்குள் முழுசாக உட்கார்ந்தால், இன்ஜினோடு சேர்த்தபின் இன்ஜினின் பின்பக்கம் சுழலும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், கையால் சுற்றும். எனக்கு முதல் தடவை இடைவெளியே இல்லை. போல்ட்டை இறுக்கியிருந்தால் பம்ப் உடைந்திருக்கும். பின்னுக்கு இழுத்து, சுற்றிச் சுற்றி அழுத்த, 'டொக்' என்று இறங்கியது.

இன்ஜின் ஓடும்போதே எண்ணெய் அளவு பார்த்து நிரப்பினேன். ரிவர்ஸ் போட்டதும் தயங்காமல் பின்னுக்கு நகர்ந்தது.