தங்கவேட்டை ஊரிலிருந்து சகோதரிக்கு: பழைய கடிதங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1851 செப்டம்பரில், கலிஃபோர்னியா மலைகளுக்குள் ஃபெதர் ஆற்றங்கரையில் இருந்த ரிச் பார் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து லூயீஸ் க்ளாப் தன் சகோதரி மாலிக்கு எழுதத் தொடங்கினார். மாலி இருந்தது கண்டத்தின் மறுகோடியில், மாசசூசெட்ஸில். லூயீஸின் கணவர் மருத்துவர். சில வாரங்களில் இருவரும் பக்கத்திலிருந்த இந்தியன் பாருக்குக் குடிபெயர்ந்து மரக்குடிசையில் தங்கினார்கள். 1852 நவம்பர் வரை மொத்தம் 23 கடிதங்கள். பிறகு அவை ‘டேம் ஷர்லி’ என்ற புனைபெயரில் சான் ஃபிரான்சிஸ்கோ மாத இதழ் ஒன்றில் வெளிவந்தன. கலிஃபோர்னியத் தங்கவேட்டையைப் பற்றி எழுத உட்காரும் யாரும் இவற்றைத் தொடாமல் போவதில்லை. அதனால் இவற்றை வைத்துச் செய்யப்படும் பிழைகளும் ஏராளம்.

அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. எழுதியவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், உறையைப் பிரிக்கப்போகிறவர் ஒருவர் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

கேலியைத் தகவலாக எடுத்துக்கொள்வது

இதுதான் எல்லோரும் செய்வது. பனிக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டுக் கோவேறு கழுதைகள் சரக்கோடு வர முடியாமல் போனபோது ஷர்லி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. புது இறைச்சியைக் கண்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது, உருளைக்கிழங்கும் வெங்காயமும் தீரப்போகின்றன என்று பேச்சு அடிபடுகிறது என்கிறார். அடுத்த மூச்சிலேயே, பயப்படாதே மாலி, பஞ்சமெல்லாம் வராது, கல்லாய்க் கிடக்கும் பன்றித்தொடைகள் வண்டிவண்டியாகவும் கொடூரமான கானாங்கெளுத்தி குவிண்டால் குவிண்டாலாகவும் இருக்கின்றன என்கிறார்.

இதைப் படித்துவிட்டு ‘முகாமில் உணவுக்குக் குறைவில்லை’ என்று குறிப்பெடுத்தால் தவறு. ‘பட்டினி கிடந்தார்கள்’ என்று எடுத்தாலும் தவறு. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பவளைச் சிரிக்கவைக்க எழுதியது அது. கேலியை உரித்துவிட்டால் மிஞ்சுவது உறுதியான செய்தி: கழுதை வந்தால்தான் சோறு, பாதை அடைபட்டால் உப்பிட்டதும் புகையிட்டதும்தான் கதி.

இன்னொரு கடிதத்தில் தானே சட்டியில் மண் அலசி 3 டாலர் 25 சென்ட் மதிப்புள்ள தங்கத்தூள் எடுத்ததாக எழுதி, அந்தத் தூளையும் உறையில் வைத்து அனுப்புகிறார். கால் நனைந்தது, உடை கிழிந்தது, புதுக் கையுறை பாழானது, விரல் விறைத்தது, தலைவலி, சளி, போதாக்குறைக்கு விலையுயர்ந்த ஒரு மார்பூசியும் தொலைந்தது என்று பட்டியல் போடுகிறார். இந்த 3.25 டாலரை ‘ஒரு சட்டி மண்ணின் சராசரி வருமானம்’ என்று எங்காவது மேற்கோள் காட்டியிருந்தால் அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். ஏனென்றால் அதே கடிதத்திலேயே ஷர்லி எச்சரிக்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் உல்லாசமாகச் சுரங்கம் பார்க்க வருவார்கள். திரும்பும்போது ஒவ்வொருத்தியும் ஒரே சட்டியில் 20 டாலருக்குக் குறையாமல் எடுத்ததாகக் காட்டுவாள். வந்தவர்களை மகிழ்விக்கச் சுரங்கக்காரர்கள் மண்ணில் முன்கூட்டியே தங்கத்தைத் தூவி வைத்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. சுரங்கக்காரர்கள் இதை ‘உப்புப் போடுவது’ என்பார்கள். தன் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று சாட்சியே சொல்லித்தரும் இத்தகைய இடம் பழைய கடிதங்களில் அபூர்வம். அதைத் தாண்டிப் போய் எண்ணை மட்டும் பொறுக்குகிறவர்களை என்ன சொல்வது!

அச்சில் இருப்பதே உறையில் இருந்தது என்று நம்புவது

நாம் படிப்பது ஷர்லியின் கையெழுத்தை அல்ல. ‘பயனியர்’ என்ற இதழில் 1854, 1855 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஃபெர்டினாண்ட் யூவர் பதிப்பித்த பாடத்தை. இவை அச்சுக்காக எழுதப்பட்டவை அல்ல, தன் கைபடாமலே வெளியிடுகிறேன் என்கிற தொனியில்தான் அவர் அறிமுகம் செய்தார். பத்திரிகை ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஷர்லியோ அதற்கு முன்பே மேரிஸ்வில் பத்திரிகையில் எழுதிப் பழகியவர். அவருடைய வாக்கியங்களில் ஓர் எழுத்தாளரின் கை தெரிகிறது. கட்டிக்காத்த கதையோட்டமும், சரியான இடத்தில் நிறுத்தும் சாமர்த்தியமும் இருக்கின்றன. இவை அத்தனையும் இதே வடிவில் தபாலில் போனவையா என்று ஆய்வாளர்கள் ஐயப்படுவதற்குக் காரணம் அதுதான்.

அதற்காகப் ‘பொய்க் கடிதம்’ என்று ஒதுக்குவதும் அபத்தம். மேற்கோள் காட்டும்போது ‘1851-இல் ஷர்லி எழுதினார்’ என்பதோடு ‘1854-இல் அச்சானபடி’ என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் போதும். பெயர்களிலும் கவனம் வேண்டும். கணவர் வெறும் ‘எஃப்’, விடுதிக்காரி வெறும் ‘திருமதி பி’. இந்த முதலெழுத்துகளுக்கு இணையத்தின் வம்சாவளிப் பக்கங்களில் கிடைக்கும் முழுப்பெயரைச் சரிபார்க்காமல் ஒட்டிவிடுகிறவர்கள் அதிகம்.

தபாலை மறப்பது

கடிதத்தின் நீளத்தைப் பாசத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1845 வரை அமெரிக்காவில் தபால் கட்டணம் தாள் எண்ணிக்கையைப் பொறுத்தது. இன்னொரு தாள் என்றால் இன்னொரு மடங்கு காசு. பல சமயம் அதைக் கொடுக்க வேண்டியவர் பெறுகிறவர். எனவே ஒரே தாளை நிரப்பி, பிறகு அதைத் திருப்பி வைத்துக் குறுக்காகவும் எழுதினார்கள். வாசிக்கக் கண் வலிக்கும் அந்தக் கடிதங்களைச் சிக்கனமாகவும் கரிசனமாகவும் பார்க்கலாம். எழுதியவரின் மனக்குழப்பம் என்று வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவுக்கும் கிழக்குக் கரைக்கும் இடையே அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 1851 ஜூன் வரை 40 சென்ட். ஜூலை முதல், முன்பணம் கட்டினால் 6 சென்ட். ஷர்லி நீட்டி முழக்கி எழுதியது இந்தச் சரிவுக்குப் பிறகு. ஆனால் சுரங்க முகாம்களுக்குள் கடிதம் சுமந்தவர்கள் பெரும்பாலும் தனியார் எக்ஸ்பிரஸ்காரர்கள். அவர்கள் கேட்ட கூலி அரசாங்கக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. பனாமா வழியாக நீராவிக் கப்பலில் போவதற்கே ஒரு மாதம் ஆகும். மலையிலிருந்து துறைமுகம் வரைக்குமான நாட்கள் தனி. ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல். ‘மாலி கேட்டதற்கு ஷர்லி பதில் சொல்லவில்லை’ என்று எழுதுவதற்கு முன் தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். மாலியின் பக்கத்துக் கடிதங்கள் நம் கையில் இல்லை என்பதையும் சேர்த்து.

விலைகளைப் பற்றிச் சுருக்கமாக. இன்றைய டாலருக்கோ ரூபாய்க்கோ மாற்றிப் பார்ப்பது வீண்வேலை. ரிச் பாரில் இரண்டு தளங்கள் கொண்ட ஒரே கட்டடமான எம்பயர் விடுதியைச் சூதாடிகள் 8,000 டாலர் செலவில் கட்டி, சில நூறு டாலருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அது கட்டப்பட்டபோது மேரிஸ்வில்லிலிருந்து சரக்கு ஏற்றக் கூலி பவுண்டுக்கு 40 சென்ட். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் வரும். அங்கே மருத்துவர்கள் ஒருவர் இருவராக இருந்தது, கணவர் போய்ச் சேர்ந்த மூன்று வாரத்துக்குள் 29 ஆகிவிட்டது என்று ஷர்லி எழுதும் ஒரு வரி, விலைப்பட்டியல் எதையும்விட அந்த ஊரின் பொருளாதாரத்தை நன்றாகச் சொல்கிறது.

சொல்லாததை நிம்மதி என்று படிப்பது

கடிதங்களில் ‘எஃப்’ வரும் இடமெல்லாம் இணக்கமாகவே வருகிறார். ஊரைவிட்டு இறங்கிய சில ஆண்டுகளிலேயே இருவரும் மணமுறிவு செய்துகொண்டார்கள். ஷர்லி பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்தார். இது தெரிந்தவுடன் ஒவ்வொரு வரியிலும் விரிசலைத் தேடத் தொடங்குவது எதிர்ப்பக்கத் தவறு. அது துப்பறியும் கதை எழுதுவது. வீட்டுக்குள் சண்டை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். சகோதரிக்கு எழுதியதாக, அதுவும் அச்சில் வந்ததாக இருக்கும் பாடத்தில் அது இடம்பெறாதது எதையும் நிரூபிக்காது.

சகோதரி என்ற வாசகி எவ்வளவு கனமானவள் என்பதற்குக் கனடாவின் ஸ்டிரிக்லண்ட் சகோதரிகளைப் பார்க்கலாம். கேத்தரின் பார் ட்ரெய்லும் சூசன்னா மூடியும் 1832-இல் இங்கிலாந்திலிருந்து காட்டைத் திருத்தக் குடியேறினார்கள். அக்கா ஆக்னஸ் இங்கிலாந்திலேயே இருந்து அரசிகளின் வரலாறு எழுதிப் பேர் வாங்கினார். காட்டு வாழ்வின் கஷ்டத்தை மூடிமறைக்காமல் சூசன்னா 1852-இல் புத்தகமாக்கி அக்காவுக்கே சமர்ப்பித்தபோது, குடும்ப மானம் போயிற்று என்று ஆக்னஸ் கொதித்தார். சமர்ப்பணம் அடுத்த பதிப்புகளில் காணாமல் போயிற்று. இப்படிப்பட்ட அக்காவுக்கு எழுதும் கடிதத்தில் எது விழும், எது விழாது என்று ஊகிப்பது கடினமல்ல. இருக்கும் கட்டுகளையும் முழுமை என்று நம்பாதீர்கள்: ரைஸ் ஏரிக்கரையில் கேத்தரினின் வீடு 1857-இல் எரிந்துபோனது. எழுதியவற்றில் ஒரு பகுதிதான் எப்போதும் மிஞ்சுகிறது.

ஒரு குரலை ஊர் முழுவதற்கும் பொருத்துவது

1852 ஆகஸ்ட் கடிதத்தில் 24 நாட்களுக்குள் கொலை, விபத்து, கும்பல் ஆவேசம், சவுக்கடி, தூக்கு, தற்கொலை முயற்சி, உயிரைப் பறித்த ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை எல்லாம் நடந்ததாக ஷர்லி அடுக்குகிறார். மிகைப்படுத்த விரும்புகிறவர்களுக்கு இது விருந்து. ஆனால் அதே ஆளின் குளிர்காலக் கடிதங்களில் பொழுது போகாமல் தவிக்கும் ஊரைத்தான் பார்க்கிறோம். அந்த 24 நாட்களுக்கும் ஒரு பின்னணி உண்டு. அந்த ஆண்டு ரிச் பார் சுரங்கக்காரர்கள் வெளிநாட்டார் யாரும் அங்கே வேலை செய்யக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஸ்பானிய மொழிக்காரர்கள் இந்தியன் பாருக்கு ஒதுங்கினார்கள். அங்கேதான் மோதல் வெடித்தது. ஒரு ஸ்பானிய இளைஞனைச் சவுக்கால் அடித்தபோது, அந்தச் சத்தம் கேட்காமலிருக்கச் சால்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டதாக ஷர்லி எழுதுகிறார். அநியாயம் என்று அவருக்குப் புரிகிறது. அதே பேனா அந்த மண்ணின் மைடு மக்களைப் பற்றி எழுதும்போது ஏளனத்துக்கும் காவியக் கற்பனைக்கும் இடையே ஊசலாடுகிறது. ஒரு விஷயத்தில் நியாயமாகப் பேசுகிறவர் எல்லாவற்றிலும் அப்படியே இருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசிக் கடிதத்தில் இந்தக் காட்டு வாழ்வு தனக்குப் பிடித்திருக்கிறது, விட்டுப்போக மனமில்லை என்கிறார். ‘எல்லைப்புறம் பெண்களுக்கு விடுதலை தந்தது’ என்ற வாதத்துக்கு இந்த வரி அடிக்கடி இழுக்கப்படுகிறது. ஷர்லிக்குச் சமைத்துப்போட நெட் என்ற சமையல்காரர் இருந்தார் என்பதை யாரும் சேர்த்து இழுப்பதில்லை. முதல் இரவு எம்பயர் விடுதியில் அவர் பார்த்த திருமதி பி அரை டஜன் பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். பிறந்து சரியாக இரண்டு வாரமான ஆண்குழந்தை ஷாம்பெயின் கூடையில் உதைத்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தது. இன்னொரு பெண் துணி வெளுத்து ஒன்பது வாரத்தில் 900 டாலர் சம்பாதித்ததை ஓர் ஆண் புகழ்ந்து சொல்ல, ஷர்லி கேட்டு எழுதுகிறார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவளைத் தேடுகிறவர்கள் 1852-இல் கலிஃபோர்னியா மாநிலம் தனியாக எடுத்த குடிக்கணக்கையும், சுரங்க ஊர்களின் கல்லறைக் கற்களையும் பார்க்கட்டும். மாலிக்கு வந்த கடிதங்களில் அவள் கிடைக்கமாட்டாள்.