ஓவர்லேண்டிங் வண்டிக்கும் ஆஃப்ரோட் கேம்பிங் வண்டிக்கும் என்ன வித்தியாசம்? எடை போட்டு பாத்துடுங்க

ரூஃப் டென்ட், பெரிய டயர், முன்னாடி வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டியை கயிறு கட்டி இழுக்கற மோட்டார்) எல்லாம் மாட்டியாச்சு, அப்போ நம்ம வண்டி ஓவர்லேண்டர் தானேன்னு ரொம்ப நாள் நானும் நினைச்சிட்டு இருந்தேன்.

அமெரிக்கால ரூபிகான் ட்ரெயில்னு ஒண்ணு இருக்கு, சுமார் 35 கிலோமீட்டர், பாறைக்கு மேல பாறை. அங்க டிஃப் லாக்கும் (ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒரே வேகத்துல சுத்த வைக்கறது) கிரவுண்ட் கிளியரன்ஸும் இருந்தா தான் வேலை நடக்கும். அது ஆஃப்ரோட். ஆஸ்திரேலியால கேனிங் ஸ்டாக் ரூட் கிட்டத்தட்ட 1,850 கிலோமீட்டர், பாலைவனம், வழியில டீசல் கிடைக்கறதே அபூர்வம். அங்க போறவங்க கேக்கற கேள்வி வேற: டீசல், தண்ணி, ஸ்பேர் எல்லாத்தையும் சுமந்துட்டு ரெண்டு மூணு வாரம் வண்டி ஒடையாம ஓடுமா? இது தான் ஓவர்லேண்டிங், அதுக்கு வண்டியை தயார் பண்றது இப்படி.

ஸ்டெப் 1: பயணத்தை பேப்பர்ல எழுதுங்க. எத்தனை பேர், எத்தனை நாள், ஒரு பங்க்லேர்ந்து அடுத்த பங்க் எவ்ளோ தூரம். குடிக்க சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணி வெச்சுக்கோங்க. மணல்ல மைலேஜ் நல்லாவே விழும், ஹைவே மைலேஜை வெச்சு டீசல் கணக்கு போடாதீங்க.

ஸ்டெப் 2: எடையை கூட்டுங்க. வண்டி பேப்பர்ல இருக்கற ஜிவிஎம்ல (லோடோட சேத்து அதிகபட்ச எடை) காலி வண்டி எடையை கழிச்சா வர்றது தான் பேலோட், அதாவது ஆள், சாமான் எல்லாம் சேத்து ஏத்தக்கூடிய எடை. உதாரணமா 3,000ல 2,200 போனா 800 கிலோ. ரெண்டு பேர் 150, பம்பரும் வின்ச்சும் 90, கேரியரும் டென்ட்டும் 100, ஃப்ரிட்ஜும் பேட்டரியும் 60, ஏழு நாள் தண்ணி 70, கூடுதலா 80 லிட்டர் டீசல்னா அது ஒரு 67. இப்பவே 537 ஆச்சு, டூல்ஸ், துணி, சாப்பாடு, ஸ்பேர் பார்ட்ஸ் எதுவும் இன்னும் ஏறல!

ஸ்டெப் 3: எடை மேடைக்கு போங்க. நான் மாட்டிக்கிட்ட எடம் இது தான், அதனால பொறுமையா படிங்க. மொத்த எடை லிமிட்டுக்குள்ள இருந்துச்சு, சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டேன், ஆனா பின்னாடி ஸ்பிரிங் மட்டும் உக்காந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பின் சக்கரத்தை மட்டும் மேடையில நிறுத்தி எடை போட்டப்ப தான் தெரிஞ்சுது, பின் ஆக்ஸில் (பின் சக்கரங்களோட அச்சு) அதோட லிமிட்டை தாண்டியிருக்கு. காரணம், பின் கதவுல தொங்குன ரெண்டாவது ஸ்டெப்னியும் டீசல் கேனும். பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி தொங்கற எடை ஏத்தம் மாதிரி வேலை செய்யும். வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம்) 2.5 மீட்டர்னு வைங்க, ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னாடி 100 கிலோ மாட்டினா பின் ஆக்ஸில் மேல 140 கிலோ ஏறும், முன்னாடி 40 கிலோ கொறையும். முன் சக்கரம் லேசாச்சுன்னா ஸ்டியரிங்கும் பிரேக்கும் பழையபடி இருக்காது. அதனால தண்ணி டேங்கை ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல, தரையோட தரையா வைங்க. கெட்டி ஸ்பிரிங் போட்டுட்டா சரியாயிடும்னு ஒரு கடையில சொன்னாங்க. வண்டி நிமிந்து நிக்கும், அவ்ளோதான், ஆக்ஸிலோட லிமிட் கூடாது.

ஸ்டெப் 4: டயர். மட் டெரைன் (சேத்துக்குன்னே வர்ற டயர்) வேணாங்க, ஆல் டெரைன் (எல்லா ரோட்டுக்கும் ஆனது) போதும், பாதி பயணம் தார் ரோட்லயும் ஜல்லி ரோட்லயும் தான் போகும். பக்கவாட்டுல லோட் இண்டெக்ஸ் பாருங்க, 115னா ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். வின்ச்சா கம்ப்ரஸரான்னு கேட்டா எப்பவும் கம்ப்ரஸர் தான் சொல்லுவேன். மணல்ல காத்து எறக்கினாலே முக்காவாசி தடவை வண்டி வெளிய வந்துடும், ஆனா தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணுமே.

ஸ்டெப் 5: கரண்ட். இன்னொரு பேட்டரி, வண்டி ஓடறப்ப அதை சார்ஜ் பண்ற டிசி டு டிசி சார்ஜர். லித்தியம் போட்டா லெட் ஆசிடுக்கு பாதி எடை தான் வரும், எனக்கு அந்த ஒரு காரணமே போதும். ஆனா 0 டிகிரிக்கு கீழ அதை சார்ஜ் பண்ணக்கூடாது, பனி பக்கம் போறவங்க ஹீட்டர் உள்ள மாடலா வாங்குங்க.

அப்டேட்: கணக்குக்கும் மேடைக்கும் 75 கிலோ இடிக்குதுன்னு சிலர் கேட்டிருந்தீங்க. சில கம்பெனிங்க காலி எடையிலயே டிரைவருக்கு 75 கிலோ சேத்துடறாங்க, சிலர் சேக்கறதில்ல. வண்டி பேப்பர்ல உள்ள அடிக்குறிப்பை படிச்சு பாருங்க.

இன்னொரு அப்டேட்: டென்ட்ல ரெண்டு பேர் படுத்தா கூரை தாங்குமான்னு ஒரு கேள்வி. வண்டி ஓடறப்ப உள்ள கூரை லிமிட் வேற, நிக்கறப்ப உள்ளது வேற, நிக்கறப்ப நெறையவே தாங்கும். ஓடறப்ப உள்ள நம்பர்ல கேரியரோட எடையையும் சேத்து கணக்கு பண்ணுங்க, நெறைய பேர் அதை விட்டுடறாங்க.